சோதனை நெகட்டிவ், எரிச்சல் மட்டும் போகவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

எச்.ஐ.வி. இல்லை. சிபிலிஸ் இல்லை. கிளமிடியா, கொனோரியா இல்லை. யூரின் கல்ச்சரில் கிருமி வளரவில்லை. ஆனால் பிறப்புறுப்பில் எரிச்சலோ அரிப்போ வலியோ வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன்.

இங்கே வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வேறொரு லேப்பில் அதே சோதனையை மறுபடி எடுக்கிறார்கள். அல்லது மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கிருமி இல்லை என்று முறையாகத் தெரிந்த பிறகு அடுத்துப் பார்க்கவேண்டியவை தோல், தசை, நரம்பு, சிறுநீர்ப்பை ஆகியவை. இவற்றின் தொல்லை ரத்தச் சோதனையில் தெரியாது. எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது, எதில் தணிகிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். "ரிப்போர்ட் நார்மல், எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால் அதை ஏற்க வேண்டாம். வலி நிஜம். அதன் பெயர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

காத்திருக்கக் கூடாதவை

விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குளிர்காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவதோடு மலம் அல்லது சிறுநீர்க் கட்டுப்பாடு தவறுதல் ஆகியவையும் அன்றே பார்க்க வேண்டியவை. சிறுநீரில் ரத்தம், விதையில் வலியில்லாத கட்டி, சில வாரங்களாகியும் ஆறாத புண், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தக்கசிவு இருந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோதனை சரியாக எடுக்கப்பட்டதா?

மறுபடி சோதனை தேவையா என்பதை இந்த இடத்தில் ஒரே முறை தீர்மானித்துவிடுங்கள். கிளமிடியா, கொனோரியாவுக்கான பி.சி.ஆர். வகைச் சோதனை (கிருமியின் மரபுப்பொருளைத் தேடுவது), பாலுறவுத் தொடர்பு நடந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு நம்பகமானது. ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. சோதனைக்கு 45 நாள். விரலில் குத்திப் பார்க்கும் வேகச் சோதனைக்கும் சிபிலிஸுக்கும் மூன்று மாதம். இந்தக் காலம் தாண்டி எடுத்த சோதனை நெகட்டிவ் என்றால், புதிய தொடர்பு இல்லாதவரை அந்தக் கேள்வி முடிந்தது.

மாதிரி எடுத்த விதத்தையும் யோசித்துப் பாருங்கள். ஆண்களுக்கு பி.சி.ஆர். சோதனைக்குத் தேவை முதலில் வரும் சிறுநீர். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழித்திருக்கக் கூடாது. கல்ச்சருக்கோ நடுவில் வரும் சிறுநீர். இரண்டையும் மாற்றிக்கொடுத்தவர்கள் உண்டு. வழக்கமான யூரின் கல்ச்சரில் கிளமிடியா வளரவே வளராது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. கல்ச்சர் மட்டும் எடுத்துவிட்டு "எல்லாம் நெகட்டிவ்" என்று நினைத்துக்கொண்டிருந்தால் பி.சி.ஆர். ஒன்று பாக்கி.

மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், டிரைக்கோமோனாஸ் என்ற இரண்டு பால்வினைக் கிருமிகளுக்கான சோதனை பல லேப் பேக்கேஜ்களில் இருப்பதில்லை. எரிச்சலோடு சிறுநீரில் சீழ் செல்களும் இருந்தால் இவற்றைக் கேட்டுச் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவந்த சாம்பல் நிற மாத்திரைக் கிட்டில் அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம் இருக்கும். அது கொனோரியா, கிளமிடியா இரண்டையும் குறிவைத்தது. மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியத்தை அந்த ஒற்றை அசித்ரோமைசின் பல நேரம் தீர்ப்பதில்லை.

யூரியாபிளாஸ்மா என்ற கிருமி பாசிட்டிவ் என்று வந்தால் பதற வேண்டாம். நோயே இல்லாத ஏராளமானவர்களிடம் அது இருக்கிறது. எல்லோருக்கும் அதைத் தேடுவதையே ஐரோப்பிய நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை. ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். ரத்தச் சோதனையும் இதே ரகம். புண் இல்லாதவரைக் கலங்கவைப்பதைத் தவிர அதனால் பயனில்லை.

இரண்டு வாரம் நிறுத்தவேண்டியவை

காரணம் எதுவானாலும் இதை முதலில் செய்யுங்கள். சோப்பு, டெட்டால் தண்ணீர், பெண்களுக்கென்று விற்கும் வாசனை வாஷ், பவுடர், வெட் வைப்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். வெறும் தண்ணீரில் ஒரு நாளைக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை கழுவினால் போதும். "இன்ஃபெக்‌ஷன் இருக்குமோ" என்ற பயத்தில் நாளைக்கு ஐந்தாறு தடவை தேய்த்துக் கழுவுபவர்களின் தோல் கழுவுவதாலேயே எரியும். வறட்சி இருந்தால் வாசனையில்லாத வாஸலின் தடவலாம். எண்ணெயும் வாஸலினும் லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்தும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் அரிப்புக்குக் கொடுத்த கிரீமின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசியிருந்தால் தோல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். திடீரென்று விடும்போது எரிச்சல் சில காலம் எகிறும்.

சிறுநீர் போகும்போது எரிகிறது

முதலில் சிறுநீரின் நிறம். வெயில் காலத்தில் நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்கள், கழிப்பறை வசதி இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் கடை ஊழியர்கள், பெண் காவலர்கள் போன்றோருக்கு அடர் மஞ்சள் சிறுநீரே எரிச்சல் தரும். நம் ஊரில் "சூடு பிடித்துவிட்டது" என்று சொல்லி இளநீரும் நீர்மோரும் கொடுப்பது இந்த ரகத்துக்குச் சரியான வைத்தியம். சிறுநீர் வெளிர் மஞ்சளாகும் அளவுக்கு மூன்று நான்கு நாள் குடித்தும் எரிச்சல் இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

முதலில் வரும் சிறுநீரின் படிவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பார்வைப் பரப்பில் வெள்ளணுக்கள் 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிறுநீர்க்குழாயில் அழற்சி உண்மையிலேயே இருக்கிறது. மேலே சொன்ன மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், டிரைக்கோமோனாஸ் இரண்டையும் தேட வேண்டும். வெள்ளணுக்களே இல்லை, கசிவும் இல்லை என்றால் இன்னொரு ஆன்டிபயாடிக்கால் தீரும் விஷயம் இல்லை இது. அப்போது இடுப்புத்தளத் தசையை, அதாவது சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் அடியிலிருந்து தாங்கும் தசையைச் சந்தேகியுங்கள். அதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயின் அடிப்பகுதிக்கு இறங்கிய கல்லும் வலியை ஆண்குறி முனைக்கோ பெண்ணுறுப்பின் இதழுக்கோ அனுப்பும். ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது.

உண்மையான தொற்றுக்கு மருந்து எடுத்து முடித்தவர்களுக்கும் எரிச்சல் சில வாரம் மிஞ்சலாம். மருந்து முடிந்து நான்கு வாரத்துக்குள் பி.சி.ஆர். எடுத்தால் செத்த கிருமியின் மரபுப்பொருளைக் காட்டி வீணாகப் பயமுறுத்தலாம்.

முனையில் பிசுபிசுப்பு, ஒரு சொட்டுக் கசிவு

கிளர்ச்சியின்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும் நிறமற்ற பசை போன்ற திரவம் வருவது இயல்பு. சிறுநீர் கடைசியில் வெள்ளையாகக் கலங்கலாகப் போவது பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. இவற்றை "விந்து கழிகிறது, நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிப் பணம் பிடுங்கும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரம் இன்றும் பஸ் நிலையச் சுவர்களில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பல இரவுகள் தூங்காதவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது. விந்து போவதால் உடம்பு கெடாது.

கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஆண்குறியை அழுத்திப் பிதுக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். பிதுக்குவதே சிறுநீர்க்குழாயைப் புண்ணாக்கும். அதில் வரும் சொட்டைப் பார்த்து மறுபடி பயம், மறுபடி பிதுக்கல். மஞ்சள், பச்சை நிறச் சீழோ உள்ளாடையில் கறையோ தானாக வந்தால் மட்டும் மருத்துவரிடம் போனால் போதும்.

ஆழத்தில் வலி: விதைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, அடிவயிற்றில், முனையில்

நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு அலையும் ஆண்களில் கணிசமானவர்கள் நிற்கும் இடம் இது. வலி இடம் மாறும்: இன்று விதை, நாளை தொடை இடுக்கு, மறுநாள் ஆண்குறி முனையில் சுரீர் என்று. நெடுநேரம் உட்கார்ந்தால், மன அழுத்தம் கூடினால், விந்து வெளியேறிய பிறகு அதிகமாகும். வெந்நீர்க் குளியலில், படுத்தால், மனம் வேறெதிலாவது ஈடுபட்டிருந்தால் குறையும். அடிக்கடி சிறுநீர் வருவதுபோல் இருக்கும். போனாலும் மீதி இருப்பதுபோல் தோன்றும்.

இதற்குப் பல இடங்களில் "புராஸ்டேட் இன்ஃபெக்‌ஷன்" (புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) என்று எழுதி லீவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1995-ல் புராஸ்டேட் அழற்சியை வகை பிரித்தபோதே நாள்பட்ட இடுப்பு வலி என்பதைத் தனி வகையாக வைத்தது. புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படுபவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கிருமியில்லாத இந்த வகைதான். இத்தகைய வலிக்கு அதே குடும்பத்து சிப்ரோஃப்ளாக்ஸசின் கொடுத்துப் பார்த்த 2004-ம் ஆண்டு ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. இந்தக் குடும்ப மருந்துகள் தசைநாணையும் நரம்பையும் பாதிக்கக்கூடியவை. வேறு வழி இருக்கும்போது எளிய தொற்றுகளுக்கு இவற்றைத் தவிர்க்கும்படி 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. புராஸ்டேட்டை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் சிறுநீர் எடுத்துப் பார்த்து, பின்னதில் கிருமி கூடுதலாக வளர்ந்தாலோ, ஒரே கிருமி திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்றாக வந்தாலோதான் ஆன்டிபயாடிக்குக்கு நியாயம் இருக்கிறது.

கிருமி இல்லையென்றால் வலிக்குப் பெரும்பாலும் தசைக்குப் பங்கு இருக்கும். நாள் முழுக்க முஷ்டியை மடக்கியே வைத்திருந்தால் கை எப்படி வலிக்குமோ, அப்படித்தான் விடாமல் இறுகிக் கிடக்கும் இடுப்புத்தளத் தசையும் வலிக்கும். பயம் அதை இறுக்கும். ஒரு தொடர்புக்குப் பிறகான குற்றவுணர்ச்சி, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த நாட்கள், உட்கார்ந்தே செய்யும் வேலை எல்லாம் சேர்ந்து தசையைப் பூட்டிவிடுகின்றன. தொற்று போன பிறகும் பூட்டு அப்படியே நிற்கும்.

அவிழ்ப்பதற்குச் செய்யவேண்டியவை இவை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வயிறு எழும்ப மெதுவாக மூச்சை இழுங்கள். இழுக்கும்போது ஆசனவாய்ப் பகுதி கீழ்நோக்கித் தளர்வதாக உணருங்கள். முக்க வேண்டாம், சுருக்க வேண்டாம். பத்து நிமிடம், காலையும் இரவும். குந்தி உட்காரும் நிலை இந்தத் தசையைத் தளர்த்தும். முழங்கால் இடம் கொடுத்தால் சுவரில் முதுகைச் சாய்த்தபடி ஓரிரு நிமிடம் குந்தலாம். தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரலாம். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். முக்குவது எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். அரை மணிக்கு ஒரு முறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். யூடியூபில் பார்த்து, இடுப்புத்தளத்தைச் சுருக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி செய்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள். அது தளர்ந்த தசைக்கானது, இறுகிய தசையை மேலும் இறுக்கும்.

இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் கட்டாயம் போங்கள். மகப்பேறு மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி விசாரிக்கலாம். ஆண்களையும் பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். சிறுநீர் மெல்லிசாக வந்தால் யூராலஜிஸ்ட் டாம்சுலோசின் கொடுக்கலாம். வலி பழகிப்போன நரம்பைத் தணிக்க இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுப்பதும் உண்டு. அதை மனநோய் மாத்திரை என்று நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம். குணம் வாரக்கணக்கில் தெரியத் தொடங்கி மாதக்கணக்கில் நிலைக்கும். நடுவில் ஓரிரு நாள் வலி எகிறினால் தொற்று திரும்பிவிட்டதாக நினைக்காதீர்கள்.

உட்கார்ந்தால் தாங்க முடியவில்லை, எழுந்தால் சரியாகிவிடுகிறது

வலி எரிச்சலாக, மின்சாரம் பாய்வதுபோல், பெரும்பாலும் ஒரு பக்கமாக இருந்து, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பாமல், வெஸ்டர்ன் டாய்லெட் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் குறைந்தால், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்ப் பகுதிக்கும் உணர்வு தரும் புடெண்டல் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்கள் கொஞ்ச காலம் நிறுத்திப் பாருங்கள். நாற்காலியில் போட்டு உட்கார நடுவில் பள்ளமுள்ள மெத்தை உதவும். நரம்பியல் மருத்துவர் அல்லது வலி நிவாரண மருத்துவர் ஊசி போட்டு உறுதிசெய்வார்.

ஆண்குறி மொட்டின் தோல் சிவக்கிறது, உரிகிறது

முன்தோலுக்கு அடியில் வெள்ளை மாவு, வெடிப்பு, திரும்பத் திரும்ப வருகிறதா? பூஞ்சைக்கு மருந்து போடுவதோடு சர்க்கரையையும் பாருங்கள். பலருக்கு நீரிழிவு இப்படித்தான் முதலில் தெரியவருகிறது. எஸ்.ஜி.எல்.டி.2 வகை சர்க்கரை மாத்திரை (டாபாக்ளிஃப்ளோசின் போன்றவை) எடுப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரே இடத்தில் வட்டமாகக் கருஞ்சிவப்பாக வந்து, ஆறி, கறுப்புத் தழும்பாகி, மறுபடி அதே இடத்தில் வந்தால், அதற்கு முந்தைய ஓரிரு நாளில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். கோட்ரைமாக்சசோல், டாக்ஸிசைக்ளின், ஃப்ளூகோனசோல், வலி மாத்திரை போன்றவற்றுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை இப்படி வரும். தொற்றுக்காகப் போட்ட மாத்திரையே புண்ணைக் கொண்டுவர, அந்தப் புண்ணுக்காக மறுபடி அதே மாத்திரையைப் போடுவது என்று சுற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வெள்ளைத் திட்டு, தோல் இறுகி முன்தோல் பின்னால் போகாமை இருந்தால் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். இதற்கு மருத்துவர் மேற்பார்வையில் வீரியமான ஸ்டீராய்டுதான் மருந்து. கண்காணிப்பும் தொடர வேண்டும்.

தொடை இடுக்கில் அரிப்பு, விதைப்பையில் எரிச்சல்

ஓரம் மட்டும் சிவந்து பரவும் வட்டம் படர்தாமரை. ஸ்டீராய்டு கலந்த கிரீம் பூசியிருந்தால் வட்டம் அழிந்து அடையாளம் தெரியாமல் போய்விடும். அப்போது தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கே.ஓ.எச். சோதனை உதவும். இரவில் கூடும் அரிப்பும், விதைப்பையில் உருண்டையான சிறு முடிச்சுகளும், வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பும் இருந்தால் சொறிசிரங்கு. பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால்வரை பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். விதைப்பை முழுக்கச் சிவந்து சூடாக எரிந்து, ஆனால் செதில் இல்லாமல் இருந்தால், நீண்ட நாள் ஸ்டீராய்டு கிரீமின் விளைவாக இருக்கலாம்.

சின்னச் சின்னப் புள்ளிகள்

மொட்டின் விளிம்பில் வரிசையாக ஒரே அளவில் இருக்கும் முத்துப் புள்ளிகளும், தோலில் தெரியும் மஞ்சள் நிற எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகளும் இயல்பான அமைப்புகள். பெண்களுக்கும் உள்ளிதழில் சீரான சிறு முகிழ்கள் உண்டு. ஒன்றுக்கொன்று அளவு வேறுபட்டு, பரவி, காலிஃபிளவர்போல் வளர்ந்தால் மட்டும் மரு என்று சந்தேகியுங்கள். ஒருமுறை மருத்துவர் கண்ணால் பார்த்தாலே போதும்.

பெண்களுக்கு

வெள்ளைப்படுதல் மாதவிடாய்ச் சுழற்சியோடு கூடிக் குறைவது இயல்பு. கருமுட்டை வெளியாகும் சமயம் வழவழப்பாக வரும். மீன் வாடை, சாம்பல் நிறம் இருந்தால் பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது யோனியில் இயல்பாக இருக்கும் கிருமிகளின் சமநிலை கெடுவது. தயிர்போல் திரிந்து அரித்தால் பூஞ்சை. இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்யாமல், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளும் மைக்ராஸ்கோப்பும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இயல்பான பி.எச். 3.8 முதல் 4.5 வரை. உள்ளே பீய்ச்சிக் கழுவுவது இந்தச் சமநிலையைக் கெடுக்கும். பூஞ்சை மருந்துக்குத் திரும்பத் திரும்ப அடங்காத "பூஞ்சை" பல நேரம் பூஞ்சையாகவே இருப்பதில்லை. பேட், ஹேர் ரிமூவர், கிரீம் ஆகியவற்றின் ஒவ்வாமையாகவோ லைக்கன் ஸ்கிளிரோசஸாகவோ இருக்கும்.

பார்க்க எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் உறவின்போது யோனி வாயிலில் கத்தியால் கீறுவதுபோல் எரிகிறது, இறுக்கமான லெக்கிங்ஸ் போட முடியவில்லை என்றால், வல்வோடினியா என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். காரணம் தெரியாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு அந்தப் பெயர். ஈரப் பஞ்சுக் குச்சியால் வாயிலைச் சுற்றி மெதுவாகத் தொட்டு எந்த இடத்தில் வலிக்கிறது என்று குறிப்பதுதான் பரிசோதனை. அதைச் செய்யாமலே "கல்யாணமான புதிதில் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்று அனுப்பப்பட்ட பெண்கள் நம்மிடையே ஏராளம். பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. லிடோகெய்ன் ஜெல், இடுப்புத்தளப் பிசியோதெரபி, நரம்பைத் தணிக்கும் மருந்து என்று வழிகள் இருக்கின்றன. வலிக்கும் உறவை நிறுத்திவைப்பதும் சிகிச்சையின் பகுதி. கணவரிடம் இதை மருத்துவரே சொன்னால் எளிதாக இருக்கும்.

மாதவிடாய் நின்றவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவால் வறட்சியும் எரிச்சலும் வரும். அங்கே மட்டும் பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாக வேலை செய்யும். மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலித்து, கழித்தவுடன் தணிந்தால் சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். காபி, புளிப்பு, காரம் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துவிட்டு யூராலஜிஸ்டைப் பாருங்கள்.

எதிலும் அடங்கவில்லை, நாள் முழுக்க அதே நினைப்பு

டார்ச் அடித்துப் பார்ப்பது, போட்டோ எடுத்து ஒப்பிடுவது, இரவெல்லாம் தேடிப் படிப்பது எல்லாம் அந்த இடத்தின் உணர்வைக் கூர்மையாக்கும். பார்ப்பதை ஒரு நாளைக்கு ஒரு முறை, பிறகு வாரத்துக்கு ஒரு முறை என்று குறையுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டால் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். வலி பொய் என்பதற்காக இல்லை, வலியைப் பெருக்கும் பயத்தைக் குறைப்பதற்காக. பேச ஆள் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் இருப்பார். எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிய கட்டணமில்லா தொலைபேசி 1097.

யாரிடம் போவது, என்ன சொல்வது

நம் நாட்டில் தோல் மருத்துவமும் பால்வினை நோய் மருத்துவமும் ஒரே படிப்பு. ஆகவே தோல் மருத்துவரிடம் தொடங்குவதில் கூச்சம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் தொடங்கியது, கடைசித் தொடர்பு எப்போது, எந்தச் சோதனை எத்தனையாவது நாளில் எடுத்தது, இதுவரை போட்ட மாத்திரை, கிரீம்களின் பெயர், எதனால் கூடுகிறது, எதில் தணிகிறது. உள்ளே போனதும், "கிருமிச் சோதனைகள் முடிந்துவிட்டன டாக்டர். தோல், தசை, நரம்பு, இதில் எது என்று பரிசோதித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். துணியை விலக்கிப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதினால், ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கொடுத்த சிகிச்சையை ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் கொஞ்சம்கூட மாற்றமில்லை என்றால், அதே தாளில் அதையும் எழுதிக்கொண்டு யூராலஜிஸ்டிடமோ மகளிர் மருத்துவரிடமோ போங்கள்.